நீலம் எங்கே போச்சு? ஆயில் பெயின்டிங் கத்துக்கிட்ட ஒரு டாக்டரோட நீளமான த்ரெட்

1.
பாதி உரிச்ச ஒரு எலுமிச்சம்பழத்தை ஆயில் பெயின்ட்ல வரைய எனக்கு ஏழு மாசம் ஆச்சு. அந்த ஏழு மாசத்துல நான் கத்துக்கிட்டதுல பாதி ஓவியம், மீதி பாதி கண்ணைப் பத்தினது. ரெண்டையும் சேர்த்தே எழுதுறேன். நீளமாதான் போகும். வீட்டுல அறுபது வயசு தாண்டின அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி யாராவது இருந்தா கடைசி வரைக்கும் படிங்க.

2.
நான் வடசென்னையில ஒரு அரசு மருத்துவமனையில வேலை பார்க்கிறேன். எம்பிபிஎஸ். கண் டாக்டர் கிடையாது. எங்க ஹாஸ்பிட்டல் காம்பவுண்டு சுவர்ல டெங்கு விழிப்புணர்வு படம் வரைய ஒரு பெரியவர் வந்திருந்தார். கொசுவோட கால்ல இருக்கிற வெள்ளை வளையம் வரைக்கும் சரியா போட்டிருந்தார். பாடப் புத்தகத்துலகூட அவ்ளோ தெளிவா பார்த்ததில்லை. "எங்கே கத்துக்கிட்டீங்க ஐயா?"ன்னு கேட்டேன். "பார்த்து பார்த்துதாம்மா"ன்னார்.

3.
வயசு 67. ராயபுரம். நாப்பத்தஞ்சு வருஷமா போர்டு ஆர்ட்டிஸ்ட். காசிமேட்டு விசைப்படகுகளுக்குப் பேரும் நம்பரும், எண்ணூர் ரோட்டுல ஓடுற லாரிகளுக்கு பின்னாடி வாசகம், கடை போர்டு, தேர்தல் வந்தா சுவர் விளம்பரம். பிளெக்ஸ் பேனர் வந்து பாதி வேலையைச் சாப்பிட்டுடுச்சு. ஞாயித்துக்கிழமை மொட்டை மாடியில பசங்களுக்கு ஓவியம் சொல்லித் தர்றார். "நீங்களும் வாங்க டாக்டரம்மா"ன்னார். போனேன். அவர்கிட்ட கேட்டுத்தான் இதை எழுதுறேன். பேர் மட்டும் வேணாம்னு சொல்லிட்டார். அதனால "மாஸ்டர்".

4.
மாஸ்டரோட முதல் விதி: சொந்தமா எதுவும் வரையக் கூடாது. "பெரிய ஆளு ஒருத்தர் வரைஞ்சதை எடுத்துக்கோங்க. அதையே திருப்பி வரைங்க. அவரு எங்க யோசிச்சாரு, எங்க அவசரப்பட்டாருன்னு உங்க கைக்குத் தெரியும்." காப்பி அடிக்கிறதான்னு யோசிக்கிறீங்களா? ஐரோப்பாவுல பல நூற்றாண்டா ஓவியர்கள் இப்படித்தான் படிச்சாங்க.

நம்ம ரவி வர்மாவுக்கு அந்த வசதிகூட கிடைக்கலை. திருவிதாங்கூர் அரண்மனையில ஆயில் பெயின்டிங் தெரிஞ்சவர் மதுரைக்காரரான ராமசாமி நாயக்கர். அவர் சொல்லித் தர மறுத்துட்டார். 1868ல அங்கே வந்த தியோடர் ஜென்சன்கிற ஐரோப்பிய ஓவியர், தான் வரையறதைப் பக்கத்துல நின்னு பார்க்க மட்டும் விட்டார். பார்த்தே கத்துக்கிட்ட அந்த மனுஷன் 1873ல மெட்ராஸ் கண்காட்சியில கவர்னர் தங்கப் பதக்கம் வாங்கினார்.

5.
இன்னொரு தகவல், டாக்டர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். எழும்பூர் பக்கத்துல பெரியார் ஈவெரா சாலையில இருக்கே, அரசு கவின் கலைக் கல்லூரி? 1850ல அதை ஒரு ஓவியப் பள்ளியா ஆரம்பிச்சவர் அலெக்சாண்டர் ஹன்டர். அவர் ஒரு சர்ஜன். "டாக்டருக்கு எதுக்கு இந்த வேலை?"ன்னு என்னைக் கேட்கிற சொந்தக்காரங்களுக்கு இப்போ இதைத்தான் பதிலா சொல்றேன்.

6.
நான் எடுத்துக்கிட்ட படம், வில்லம் கால்ஃப்கிற டச்சு ஓவியர் 1655க்கும் 1660க்கும் இடையில வரைஞ்சது. ஆம்ஸ்டர்டாம்ல ரைக்ஸ் மியூசியத்துல இருக்கு. அவங்க வெப்சைட்ல பெரிய சைஸ்ல இலவசமாவே இறக்கிக்கலாம். இருட்டான பின்னணி. ஒரு வெள்ளிக் கூஜா. நீலப் பூ வேலை செஞ்ச சீனப் பீங்கான் கிண்ணம். பழங்கள். தோல் உரிச்ச எலுமிச்சை. அவ்ளோதான். மனுஷங்க யாரும் இல்லை. இந்த மாதிரிப் படங்களுக்கு 'ஸ்டில் லைஃப்'னு பேர், தமிழ்ல அசைவற்ற பொருள் ஓவியம்னு சொல்வாங்க. பாரிமுனையில ரெண்டு பிரின்ட் போட்டோம். எனக்கு ஒண்ணு, மாஸ்டருக்கு ஒண்ணு. "நானும் கூட வரையறேன், ரொம்ப நாளாச்சு"ன்னார்.

7.
இந்தப் படத்துக்கும் நம்ம ஊருக்கும் என்ன சம்பந்தம்? இருக்கு. எண்ணூர்ல இருந்து கடலோரமா வடக்கே போனா பழவேற்காடு. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியோட சோழமண்டலக் கடற்கரைத் தலைமையிடம் 1690 வரைக்கும் அங்கேதான் இருந்தது. நம்ம நெசவாளர்கள் நெய்த துணியை வாங்கி, அதைக் கொடுத்து இந்தோனேசியத் தீவுகள்ல மிளகும் மசாலாவும் வாங்கி, லாபத்தை ஆம்ஸ்டர்டாமுக்குக் கொண்டு போனாங்க. பஞ்ச காலத்துல விலைக்கு வாங்கின மனுஷங்களையும் இங்கிருந்து கப்பல் ஏத்தினாங்க. கால்ஃப் அந்தக் கிண்ணத்தை வரைஞ்சப்போ பழவேற்காட்டுல டச்சுக் கொடி பறந்துக்கிட்டு இருந்தது. அந்த மேசை மேல இருக்கிற செல்வத்துல இந்தக் கடற்கரையோட பங்கும் இருக்கு. பழவேற்காட்டு டச்சுக் கல்லறை வாசல்ல எலும்புக்கூடு செதுக்கி வெச்சிருக்காங்க, போனா பாருங்க.

8.
சரி, வேலைக்கு வருவோம். ஆயில் பெயின்ட்ல கலர் கடைசியில்தான் வரும். முதல்ல பழுப்பும் வெள்ளையும் மட்டும் வெச்சு முழுப் படத்தையும் வரையணும். எது இருட்டு, எது வெளிச்சம், அது மட்டும்தான் கணக்கு. அது காய்ஞ்ச பிறகு மேல மெல்லிசா கலர். கண்ணாடித் தாள் ஒட்டின மாதிரி அடியில இருக்கிறது தெரியணும். கீழ் அடுக்குல எண்ணெய் கம்மி, மேல போகப் போக எண்ணெய் ஜாஸ்தி. மாத்திச் செஞ்சா மேல் அடுக்கு முதல்ல இறுகி, பின்னாடி வெடிப்பு விடும்.

9.
ஆளி விதை எண்ணெய் தண்ணி மாதிரி ஆவியாகிக் காயறதில்லை. காத்துல இருக்கிற ஆக்சிஜனை எடுத்துக்கிட்டு இறுகுது. அப்போ சூடும் வரும். அதனால எண்ணெய் துடைச்ச துணியைச் சுருட்டி மூலையில போடாதீங்க, தானாவே தீப்பிடிக்கும். விரிச்சுக் காயப் போடணும், இல்ல தண்ணியில ஊற வைக்கணும்.

இன்னொண்ணு: கால்ஃப் காலத்து வெள்ளையிலும் மஞ்சள்லயும் ஈயம் இருந்தது. நம்ம ஊர் பெயின்ட்லயும் ரொம்ப நாள் இருந்தது. வீட்டு உபயோக பெயின்ட்ல ஈயம் பத்து லட்சத்துல 90 பங்குக்கு மேல இருக்கக் கூடாதுங்கிற விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பர்லதான். பிரஷ் முனையை வாயில வெச்சுக் கூர் பண்ற பழக்கம் யாருக்காவது இருந்தா இன்னைக்கே விட்டுடுங்க.

10.
இப்போ எலுமிச்சை. எல்லாரும் மஞ்சள் டியூபைத்தான் முதல்ல எடுப்பாங்க. மாஸ்டர் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையை எடுத்து, நடுவுல பேனா நுழையிற அளவுக்கு ஓட்டை போட்டுக் கையில கொடுத்தார். "இதுக்குள்ள பாருங்க. இன்னா கலர் தெரியுது?" ஓட்டை வழியா எலுமிச்சையோட நிழல் பக்கத்தைப் பார்த்தா அங்கே மஞ்சளே இல்லை. பாசி பிடிச்ச சுவர் மாதிரி ஒரு பச்சைப் பழுப்பு. இன்னொரு இடத்துல கிட்டத்தட்ட சாம்பல். பளபளக்கிற இடம் வெள்ளை. முழு மஞ்சள்னு சொல்ற இடம் ஒரு விரல் அகலம்தான். "எலுமிச்சைன்னு மனசு சொல்லிடுச்சுன்னா கண்ணு வேலையை நிறுத்திடும் டாக்டரம்மா. பேரை மறந்துட்டுப் பாருங்க."

11.
இது ஓபியிலயும் உதவுது. ரத்தசோகை இருக்கான்னு கீழ் இமையை இழுத்துப் பார்ப்போம். மஞ்சள் காமாலைக்குக் கண்ணோட வெள்ளையைப் பார்ப்போம். காமாலையைப் பகல் வெளிச்சத்துல பார்க்கணும்னு எங்களுக்குப் பாடத்துலயே சொல்லித் தருவாங்க. காரணம், மஞ்சளான பல்பு வெளிச்சத்துல லேசான மஞ்சள் மறைஞ்சு போகும். பத்திரிகை ஓட்டை வந்த பிறகு அந்த விதி எனக்குக் கையில பிடிக்கிற பொருள் மாதிரி ஆயிடுச்சு. இப்போ ஜன்னல் பக்கம் திருப்பி உட்கார வெச்சுத்தான் பார்க்கிறேன்.

12.
ஐந்தாவது மாசம், கலர் அடுக்கு. ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல ஸ்டாண்டு போட்டு வரையறோம். மாஸ்டரோட கோடு, வெளிச்சம், வெள்ளிக் கூஜாவோட பளபளப்பு எல்லாம் அபாரம். நாப்பத்தஞ்சு வருஷக் கைன்னா சும்மாவா? ஆனா கிண்ணத்தைப் பார்த்ததும் எனக்கு ஏதோ உறுத்துச்சு. அதுல இருக்கிற நீலப் பூ வேலை சாம்பல் கருப்பா இருந்தது. ஒரு இடத்துல மட்டும் பளீர்னு நீலம், பக்கத்துலயே கருப்பு. பிரின்ட்ல ரெண்டும் ஒரே நீலம். எலுமிச்சையோட வெளிர் மஞ்சள் இருக்க வேண்டிய இடத்துல சுத்த வெள்ளை.

13.
இந்த இடத்துல ஒரு நல்ல கேள்வி இருக்கு. எல் கிரெகோன்னு ஒரு ஓவியர், மனுஷங்களை நீள நீளமா வரைவார். அவருக்குக் கண்ணுல கோளாறு, அதனாலதான் எல்லாம் நீளமாத் தெரிஞ்சுதுன்னு ஒரு காலத்துல சொன்னாங்க. அது நிக்காது. உலகம் நீளமாத் தெரிஞ்சா அவர் வரைஞ்ச படமும் அவர் கண்ணுக்கு நீளமாத்தானே தெரியும்? ரெண்டும் கழிஞ்சு, நமக்குச் சரியான படம்தான் கிடைக்கும். அப்போ மாஸ்டர் கண்ணுல கோளாறுன்னா, அவர் பிரின்டையும் அதே கண்ணால பார்க்கிறார், பெயின்டையும் அதே கண்ணால பார்க்கிறார். காப்பி சரியாத்தானே வரணும்?

14.
பதில் இதுதான். கலர் வெறுமனே இடம் மாறினா கழிஞ்சுடும். ஆனா ரெண்டு வேற வேற கலர் கண்ணுக்கு ஒண்ணாவே தெரிய ஆரம்பிச்சா கழியாது. அடர் நீலமும் கருப்பும் ஒண்ணாத் தெரிஞ்சா, கை எந்த டியூபை எடுத்தாலும் அவருக்குச் சரிதான். நீலம் எடுத்த இடம் நீலம், கருப்பு எடுத்த இடம் கருப்பு. வெளிர் மஞ்சளும் வெள்ளையும் அதே கதை. கிண்ணத்துல ஒரு இடம் நீலமாவும் பக்கத்து இடம் கருப்பாவும் இருந்ததுக்கு அதுதான் காரணமா இருக்கணும்.

15.
நம்ம கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ் பொறக்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கும். வயசாக ஆக மஞ்சளாகி, அப்புறம் பழுப்பாகும். மஞ்சள் கண்ணாடி போட்டுக்கிட்டா நீல வெளிச்சம் உள்ளே வராது இல்லையா? அதேதான். இதுதான் கண்புரையில ஒரு வகை. வருஷக்கணக்குல மெதுவா நடக்கிறதால மூளை பழகிடும். "எனக்குக் கலர் மாறிப்போச்சு"ன்னு யாரும் ஓபிக்கு வர மாட்டாங்க. நாங்க கலர் பார்வைக்குக் காட்டுற புள்ளி எண் அட்டைகூட சிவப்பு, பச்சைக் குழப்பத்தைக் கண்டுபிடிக்கச் செஞ்சது. நீலம் காணாமப் போறதை அது பிடிக்காது.

16.
பொதுவாப் பேசுற மாதிரி ரெண்டு மூணு கேள்வி கேட்டேன். "நைட்ல வண்டி லைட்டு கண்ணைக் கூசுதா மாஸ்டர்?" கூசுதாம். "கண்ணாடி மாத்தினீங்களா?" அதுக்கு ரொம்பப் பெருமையா பதில் வந்தது: "கண்ணாடியே வேணாம்மா இப்போ. போன வருஷத்துல இருந்து பேப்பரை வெறுங்கண்ணுலயே படிக்கிறேன். கண்ணு திரும்பி வந்துட்டுது!"

17.
நண்பர்களே, இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. வயசான ஒருத்தர் திடீர்னு கண்ணாடி இல்லாம பேப்பர் படிக்க ஆரம்பிச்சா சந்தோஷப்பட வேண்டாம். லென்ஸோட நடுப்பகுதி இறுகும்போது கிட்டப்பார்வை கொஞ்ச நாளைக்குத் தெளிவாகும், தூரப்பார்வை மங்கும். புரை வளர்றதுக்கு அது ஒரு அடையாளம். கொஞ்ச நாள்ல அந்தத் தெளிவும் போயிடும்.

18.
சொன்னேன். மாஸ்டர் பிரஷ்ஷைக் கழுவ ஆரம்பிச்சுட்டார், முகத்தைப் பார்க்கலை. கொஞ்ச நேரம் கழிச்சு, "எங்க அண்ணனுக்கு எப்பவோ ஒரு கேம்ப்ல ஆபரேஷன் பண்ணாங்க. கண்ணு போயிட்டுது"ன்னார். அதுக்கும் மேல ஒண்ணு சொன்னார்: "இந்தக் கண்ணாலதான் நாப்பத்தஞ்சு வருஷம் கலர் கலந்தேன். உள்ளே வேற கண்ணாடி வெச்சா, கலக்கிற ஆளும் வேற ஆளா ஆயிட மாட்டேனா?"

பல வருஷமா "ஆபரேஷன் வேணாம் டாக்டர்"ங்கிறதைக் கேட்டிருக்கேன். இந்தக் காரணத்தை அன்னைக்குத்தான் முதல் தடவையா கேட்டேன். அதுக்கு என்கிட்ட புள்ளிவிவரப் பதில் எதுவும் இல்லை.

19.
அவர் கொடுத்த கல்யாணப் பத்திரிகையையே எடுத்துக் கொடுத்தேன். "ஓட்டை வழியா கிண்ணத்தோட பூவைப் பாருங்க. வலது கண்ணால மட்டும்." பார்த்தார். "கருப்பு." "இப்போ இடது கண்ணால." ரொம்ப நேரம் பார்த்தார். திரும்பி வலது. திரும்பி இடது. "இந்தக் கண்ணுல லேசா நீலம் இருக்கு டாக்டரம்மா." வலது கண்ணுல புரை ஜாஸ்தி, இடதுல கம்மி. ரெண்டு கண்ணையும் திறந்து பார்த்தா தெரியாத வித்தியாசம், ஒவ்வொண்ணா மூடினதும் தெரிஞ்சுது.

அப்புறம் அவராவே சொன்னார். ஒரு படகு ஓனர் பேரை நீலத்துல எழுதச் சொல்லியிருக்கார். எழுதி முடிச்சதும் "ஏன் கருப்புல எழுதினே?"ன்னு சத்தம் போட்டிருக்கார். மாஸ்டர், அவர் வம்பு பண்றார்னு நினைச்சு பாதிக் காசோட வந்துட்டார்.

20.
பிரெஞ்சு ஓவியர் மோனே கதையையும் சொன்னேன். 1912ல கண்புரைன்னு சொல்லிட்டாங்க. பயந்து பத்து வருஷத்துக்கு மேல தள்ளிப் போட்டார். டியூப் மேல இருக்கிற பேரைப் படிச்சுக் கலர் எடுத்தார். 1923ல வலது கண்ணுல ஆபரேஷன். அந்தக் காலத்துல உள்ளே லென்ஸ் வைக்க முடியாது, தடிமனான கண்ணாடிதான். பழகறதுக்கு ரொம்பக் கஷ்டப்பட்டார், ஆனாலும் திரும்ப வரைஞ்சார். "நானும் டியூப் பேரைத்தாம்மா படிக்கிறேன்"னார் மாஸ்டர். அப்போதான் ஒத்துக்கிட்டார்னு நினைக்கிறேன்.

21.
எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கு அனுப்பினேன். 1819ல ஆரம்பிச்சது, ஆசியாவோட ரொம்பப் பழைய கண் மருத்துவமனை. சர்க்கரை, பிரஷர் பார்த்தாங்க, லென்ஸ் அளவு எடுத்தாங்க, தேதி கொடுத்தாங்க. வலது கண் முதல்ல. மரத்துப்போக மருந்து போட்டு, அரை மணி நேரத்துக்குள்ள முடிஞ்சுது. லென்ஸோட சேர்த்து இலவசம். அன்னைக்கு என் கவலை என்னன்னு உங்களுக்குப் புரியும். அண்ணனுக்கு நடந்தது இவருக்கும் நடந்தா, அனுப்பினது நான். எல்லா ஆபரேஷன்லயும் சின்ன சதவீத ஆபத்து உண்டு, அதை அவர்கிட்ட மறைக்காம சொல்லியிருந்தேன்.

22.
கட்டு பிரிச்ச பிறகு ஞாயித்துக்கிழமை போனேன். மாஸ்டர் மொட்டை மாடியில தனியா உட்கார்ந்து, பிரின்டை மடியில வெச்சுக்கிட்டிருந்தார். "இவ்ளோ நீலமா இருந்துது?" அவ்ளோதான் பேசினார். அப்புறம் பழைய கண்ணை மூடி ஒரு தடவை, புதுக் கண்ணை மூடி ஒரு தடவை, தண்ணி டேங்க்கைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், என் துப்பட்டாவைப் பார்த்தார். ஆபரேஷனுக்கு அப்புறம் கொஞ்ச நாள் உலகமே நீலம் கூடின மாதிரி தெரியும், மூளை பழகினதும் அடங்கிடும். சொன்னேன். "அடங்க வேணாம்"னார்.

23.
சந்தோஷம் மட்டும்னு எழுதினா பொய். "எத்தினி போட்டுக்குத் தப்பா அடிச்சேனோ"ன்னு ரெண்டு நாள் சாப்பிடலைன்னு வீட்டுல சொன்னாங்க. சொட்டு மருந்து முடியுற வரைக்கும், சுமார் ஒரு மாசம், தூசியில போகக் கூடாதுன்னு கட்டுப்படுத்தி வெச்சிருந்தாங்க. முடிஞ்ச அன்னைக்கே நீல எனாமல் டப்பாவோட காசிமேடு போய், அந்தப் படகைத் தேடிப் பிடிச்சு, காசு வாங்காம பேரை நீலத்துல திருப்பி எழுதிட்டு வந்தார். ஓனர் மீதிக் காசை மீன் பையோட சேர்த்துக் கொடுத்தனுப்பினார்.

24.
இப்போ உங்களுக்கான பகுதி.

வீட்டுப் பெரியவங்களை ஒவ்வொரு கண்ணா மூடச் சொல்லி, கலரான ஒரு பொருளைக் காட்டுங்க. ரெண்டு கண்ணுக்கும் வித்தியாசம் இருந்தா கண் டாக்டரைப் பார்க்கணும். வித்தியாசம் இல்லைன்னா பிரச்சினை இல்லைன்னு அர்த்தம் கிடையாது, ரெண்டு கண்ணுலயும் சமமா இருக்கலாம். வருஷத்துக்கு ஒரு தடவை பரிசோதனை நல்லது.

ராத்திரி வெளிச்சம் கூசுறது, கண்ணாடி நம்பர் அடிக்கடி மாறுறது, கருப்பு நீலத் துணி குழம்புறது, திடீர்னு கண்ணாடி இல்லாம படிக்கிறது, எல்லாமே சொல்ல வேண்டிய அறிகுறி.

கண்புரையைக் கரைக்கிற சொட்டு மருந்து எதுவும் கிடையாது. மெடிக்கல்ல நீங்களா வாங்கிப் போடுற சில சொட்டு மருந்துல ஸ்டீராய்டு இருக்கும். அதுவே புரையையும் கண் அழுத்தத்தையும் கொண்டு வரும்.

"புரை முத்தட்டும்"னு காத்திருக்கிறது பழைய காலம். இப்போ அன்றாட வேலைக்கு இடைஞ்சல் வந்தாலே செய்யலாம். ரொம்ப முத்தினா ஆபரேஷன் சிக்கலாகும். சர்க்கரை இருக்கிறவங்களும், புகை பிடிக்கிறவங்களும் கூடுதல் கவனம்.

கண் சிவந்து கடுமையா வலிச்சா, திடீர்னு பார்வை போனா, மின்னல் மாதிரி தெரிஞ்சா அன்னைக்கே போங்க.

25.
என் படம் முடிஞ்சுது. எலுமிச்சையோட நிழல்ல அந்தப் பாசிப் பச்சை சரியா வந்திருக்குன்னு மாஸ்டர் சொன்னார். கூஜா சுமார்தான். அவர் தன் படத்தை முடிக்கலை. கருப்பா வந்த பூவை அழிக்கவும் இல்லை. அதுக்குப் பக்கத்துலயே புதுக் கண்ணால ஒரு பூவை நீலத்துல போட்டு நிறுத்தி வெச்சிருக்கார். மாடிக்கு வர்ற பசங்ககிட்ட ரெண்டையும் காட்டி, "இது போன வருஷம், இது இந்த வருஷம்"னு சொல்றார். இடது கண்ணுக்கு அடுத்த மாசம் தேதி கொடுத்திருக்காங்க. இந்தத் தடவை நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கலை. தேதி வாங்கிட்டு வந்து அவரேதான் எனக்குப் போன் பண்ணார்.